கேரித் தீவுப் பக்கம் வீடு வாங்கும்போது புயல் அபாயத்தை எப்படிக் கணக்குப் போடுவது?

தம்பி எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பா அம்மா இருவரும் மலேசியாவின் சிலாங்கூர் கடலோரத்தில் உள்ள கேரித் தீவில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெறப் போகிறார்கள். தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மாடியில்லாத வரிசை வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார், வங்கிக் கடன் 30 ஆண்டுக்கு. 2025 நவம்பரில் சென்யார் புயல் வந்துபோனதிலிருந்து அம்மாவுக்குப் பயம். "அமெரிக்காவில் வருகிற மாதிரி ஹரிக்கேன் இங்கேயும் வருமா? கடலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி வாங்கினால் நிம்மதியாக இருக்கலாம்?" இதுதான் கேள்வி. கேட்டது புயலைப் பற்றி என்றாலும், தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. இந்த 30 ஆண்டில் அந்த வீட்டுக்குள் தண்ணீர் வர எவ்வளவு வாய்ப்பு, அதை ஒரு சாதாரண குடும்பம் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் அது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் சிலாங்கூர், பேராக் கடலோரங்களில் வடிகால் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன். மடைக்கதவு, கடலோர மண்கரை, ஆற்றுமுகம், நீரேற்றிகள், இவைதான் என் தொழில். வானிலை முன்னறிவிப்பு என் துறை இல்லை. பலத்த காற்றில் உங்கள் கூரை தாங்குமா என்பதை ஒரு கட்டடப் பொறியாளர் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். தண்ணீரைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம்.

ஹரிக்கேன், டைபூன், சைக்ளோன் எல்லாம் ஒரே வகைப் புயல், கடலுக்குக் கடல் பெயர்தான் மாறும். இவை சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி தருகிற திருப்புவிசை வேண்டும். நிலநடுக்கோட்டில் அந்த விசை பூச்சியம், அங்கிருந்து விலக விலகக் கூடும். அதனால் 5 டிகிரிக்குள் புயல் உருவாவது அரிது. நாம் இருப்பது ஏறத்தாழ 3 டிகிரியில். மேற்கே சுமத்ரா மலைத்தொடர் வேறு இந்தியப் பெருங்கடலுக்கும் நமக்கும் நடுவே நிற்கிறது. ஆகவே ஃபுளோரிடாவிலோ வங்காள விரிகுடாக் கரையிலோ வருகிற அளவுக்குப் பெரும் புயல்கள் அடிக்கடி இங்கே வரும் என்று பயப்பட வேண்டியதில்லை. இது உறுதியாகச் சொல்லக்கூடியது.

ஆனால் அரிது என்றால் கிடையாது என்று ஆகிவிடாது. 1996 டிசம்பரில் கிரெக் என்ற வெப்பமண்டலப் புயல் சபாவைத் தாக்கியது. கெனிங்காவ் பக்கம் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் என்ற டைபூன் ஜோகூரின் தென்கிழக்கில் கரையேறியது. அது உருவான இடம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரிதான். பாடப்புத்தகப்படி அங்கே புயல் உருவாகவே கூடாது. வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் குறுகலான பகுதிக்குள் பலமாகப் புகுந்து, போர்னியோ பக்கமிருந்த ஒரு சுழற்சியோடு சேர்ந்ததால் அப்படி நடந்தது. 2021 டிசம்பரில் குவாந்தான் பக்கம் கரையேறியது முழுப் புயல்கூட இல்லை, ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். காற்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மழைதான் கிள்ளான் பள்ளத்தாக்கை மூழ்கடித்தது. அந்த வெள்ளத்தில் நாடு முழுக்க 54 பேர் இறந்தார்கள். பிறகு சென்யார், நமது மலாக்கா நீரிணையிலேயே உருவானது. சுமத்ராவின் வடகிழக்குக் கரையில் ஏறி, மறுபடி கிழக்கே திரும்பி நீரிணையைக் கடந்து நம் பக்கம் வந்தது. இங்கே வரும்போது வலுவிழந்திருந்தது. சுமத்ராவிலோ அந்த நாட்களின் வெள்ளமும் நிலச்சரிவும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின.

இந்த நாலையும் அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெரியும். பெரிய சேதத்தைச் செய்தது காற்று இல்லை, தண்ணீர். அமெரிக்காவிலும் அப்படித்தான். 1963 முதல் 2012 வரை அங்கே அட்லாண்டிக் புயல்களால் நேரடியாக நேர்ந்த மரணங்களை ஆராய்ந்தபோது பத்தில் ஒன்பது தண்ணீரால் என்று தெரிந்தது. ஏறத்தாழ பாதி, புயல் கடலைத் தள்ளிக்கொண்டு வருகிற பெருக்கால். ஆனால் செய்தியில் நாம் கேட்கிற ஒன்றாம் வகை, ஐந்தாம் வகை எல்லாம் காற்றின் வேகத்தை மட்டும் வைத்துப் போடுகிற எண்கள். எவ்வளவு மழை, எவ்வளவு கடல்பெருக்கு என்று அந்த எண் சொல்லாது. நீண்டகால அபாயத்தை அந்த எண்ணை வைத்து எடைபோட்டால் கணக்கு தப்பிவிடும்.

அடுத்தது 30 ஆண்டுக் கணக்கு. "நூறாண்டுக்கு ஒருமுறை வருகிற வெள்ளம்" என்று யாராவது சொன்னால், ஒன்று வந்துபோய்விட்டது, இனி நூறு ஆண்டுக்குக் கவலையில்லை என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் பொருள், ஒவ்வோர் ஆண்டும் அதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பது மட்டுமே. நூறு சீட்டு உள்ள பெட்டியில் ஒன்று சிவப்பு, ஒவ்வோர் ஆண்டும் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக் குலுக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது முறை எடுத்தால் ஒருமுறையாவது சிவப்பு வர 26 விழுக்காடு வாய்ப்பு, அதாவது நாலில் ஒன்று. ஐம்பதாண்டுக்கு ஒருமுறை என்கிற வெள்ளமாக இருந்தால் அதே 30 ஆண்டில் 45 விழுக்காடு. வாமெய் போன்ற ஒன்று நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகே உருவாவது 100 முதல் 400 ஆண்டுக்கு ஒருமுறை என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். உங்கள் கடன் காலத்துக்கு மாற்றினால் 7 முதல் 26 விழுக்காடு வரை வரும். இதை உங்கள் வீட்டுக்கான எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கடற்பகுதியில் எங்கோ ஒரு புயல் பிறப்பதற்கான எண் அது, அதுவும் மிகக் குறைந்த அனுபவத்தை வைத்துப் போட்டது. 7க்கும் 26க்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே அறிவியல் இந்த இடத்தில் எவ்வளவு தடுமாறுகிறது என்று தெரியும்.

"நாங்கள் ஐம்பது வருடமாக இருக்கிறோம், ஒன்றும் வந்ததில்லை" என்று தோட்டத்தில் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அரிதாக வருகிற ஒன்றை அளக்க ஐம்பது வருடம் போதாது. டெக்சாஸில் கால்வெஸ்டன் என்ற தீவு நகரத்தில் இதையே ஒரு வானிலை அதிகாரி எழுதினார். ஐசக் கிளைன் என்று பெயர். பெரும் புயல் அந்த நகரத்துக்குக் கேடு செய்யும் என்ற பயம் வீண் என்று 1891இல் பத்திரிகையில் எழுதினார். 1900 செப்டம்பர் 8 அன்று வந்த புயலில் அங்கே குறைந்தது 6,000 பேர், ஒருவேளை அதற்கும் மிக அதிகமானோர் இறந்தார்கள். அதன்பிறகுதான் கடல்சுவர் கட்டினார்கள், நகரத்தின் தரைமட்டத்தையே மண் கொட்டி உயர்த்தினார்கள். ஃபுளோரிடாவின் தம்பாவில் 1921க்குப் பிறகு பெரும் புயல் எதுவும் நேராக மோதவில்லை. 2024இல் ஹெலீன் புயலின் மையம் 150 கிலோமீட்டருக்கும் அப்பால் கடலிலேயே கடந்துபோனது. அப்படியும் தம்பா விரிகுடாவில் பல அளவுமானிகள் அதுவரை காணாத உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. புயல் உங்கள் ஊருக்கு வரவேண்டும் என்று அவசியமே இல்லை.

சரி, நம் பக்கம் கடல் அப்படி எழும்புமா? கத்ரீனாவில் 2005இல் மிசிசிப்பி கரையில் 8 மீட்டருக்கு மேல் எழும்பியது. அதற்கு ஆழமில்லாத அகலமான கடலும், மணிக்கணக்கில் நெடுந்தூரம் தண்ணீரைத் தள்ளுகிற காற்றும் வேண்டும். மலாக்கா நீரிணை ஆழமில்லாததுதான், ஆனால் குறுகலானது. காற்றுக்குத் தண்ணீரைக் குவிக்க அவ்வளவு தூரம் கிடைக்காது. காற்றழுத்தம் குறைவதால் மட்டும் கடல் உயர்வது ஒரு மில்லிபாருக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர், சென்யார் மாதிரி வலுக்குறைந்த புயலில் அது பெரிய அளவே இல்லை. அதனால் கத்ரீனா மாதிரி ஒரு நீர்ச்சுவரை கேரித் தீவில் நான் எதிர்பார்க்கவில்லை. என் கவலை அரை மீட்டர் கூடுதல் நீர், அது வந்து சேர்கிற நேரம்.

ஏனென்றால் இங்கே கடல் புயல் இல்லாமலே ஏறி இறங்குகிறது. கிள்ளான் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் 4 மீட்டர் அளவு. சராசரிக் கடல்மட்டத்துக்கு மேலே 2 மீட்டர் வரை தண்ணீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறுகிறது என்று பொருள். கேரித் தீவின் தோட்டங்கள் சதுப்புநிலத்தைச் சுற்றி மண்கரை எழுப்பி உருவாக்கியவை. பெரிய ஏற்றத்தின்போது கரைக்கு வெளியே கடல், உள்ளே நிற்கிற செம்பனையின் அடிமண்ணைவிட உயரத்தில் இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்கு இது கண்ணால் கண்ட காட்சி. ஏற்றத்தில் மடைக்கதவு மூடிக்கொள்ளும், இறக்கத்தில் திறந்து உள்நீர் வெளியேறும். தெலுக் பங்லிமா காராங், பந்திங் பக்கத்துத் தாழ்வான தாமான்களும் பெரும்பாலும் இதே முறையை நம்பித்தான் இருக்கின்றன, கடல் கண்ணில் படாததால் யாரும் அதை நினைப்பதில்லை. கதவு மூடியிருக்கிற அந்தச் சில மணி நேரத்தில் கனமழை கொட்டினால் தண்ணீருக்குப் போக வழியில்லை. வாய்க்காலிலும் குளத்திலும் தேங்கும், அங்கே இடமில்லாவிட்டால் வீட்டுக்குள் வரும். புயலோ தாழ்வு மண்டலமோ வந்தால் இரண்டு வேலை செய்கிறது. மழையைக் கூட்டுகிறது, கடலைக் கொஞ்சம் உயர்த்திக் கதவைக் கூடுதல் நேரம் மூடி வைக்கிறது. இரண்டும் பெரிய ஏற்ற நாளில் சேர்ந்துகொண்டால் வெள்ளம். மூன்றும் தனித்தனியே சாதாரணமாக இருந்தாலும் சேரும்போது சாதாரணமில்லை.

இதைவிட மெதுவாக வருகிற ஒன்றுக்கு நான் அதிகம் பயப்படுவேன். கடல்மட்டம் இப்போது உலக அளவில் ஆண்டுக்கு 4 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்துவருகிறது. 30 ஆண்டில் 12 சென்டிமீட்டருக்கும் மேல், வேகம் கூடினால் இன்னும் அதிகம். ஆனால் வடிகால் வெட்டிய பீட் மண் (சதுப்பில் மட்கிய செடிகொடிகளால் ஆன மண்) இதைவிட வேகமாக அமிழ்கிறது. மேற்கு ஜோகூரின் பீட் நிலங்களில் நீண்டகாலம் அளந்து பார்த்ததில் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் அளவு வந்தது. 30 ஆண்டுக்கு 60 சென்டிமீட்டர்! கேரித் தீவு அடங்கிய கோலலங்காட் வட்டாரத்தில் பீட் மண்ணும் உண்டு, கடல் களிமண்ணும் உண்டு. களிமண் இவ்வளவு வேகமாக அமிழாது. உங்கள் தாமான் எதன்மேல் இருக்கிறது என்பது எந்தப் புயல் வரைபடத்தையும்விட முக்கியமான தகவல்.

இதையெல்லாம் நீங்களே பார்த்துக் கண்டுபிடிக்கலாம். முதலில் உயரம். வீட்டுத் தரை எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளக்கச் சொல்லுங்கள். இரண்டாயிரம் மூவாயிரம் வெள்ளி தாமான் சமையலறைக்கு டைல்ஸ் மாற்றச் செலவழிக்கிறோம், இதற்குச் செலவழிக்கத் தயங்க வேண்டாம். இங்கே ஓர் எச்சரிக்கை. தீபகற்பத்தில் நில உயரங்கள் கிள்ளான் துறைமுகத்தில் 1984 முதல் 1993 வரை அளந்த சராசரிக் கடல்மட்டத்தைப் பூச்சியமாக வைத்து எழுதப்படுகின்றன. கடல் ஏற்ற இறக்க அட்டவணையிலுள்ள எண்களோ மிகத் தாழ்ந்த இறக்க மட்டத்தைப் பூச்சியமாகக் கொண்டவை. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் விடை மீட்டர் கணக்கில் தவறிவிடும். படித்தவர்களே இதில் தடுக்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அளவையாளரிடம் "சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் எவ்வளவு" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தரை 2 மீட்டரோ அதற்குக் கீழோ என்றால், பெரிய ஏற்ற நாளில் உங்களைக் காப்பது மண்கரையும் கதவும் மட்டும்தான். மூன்றரை, நாலு மீட்டர் என்றால் கடல் பக்கத்து அபாயம் வெகுவாகக் குறையும்.

அடுத்து, தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது என்று பாருங்கள். வீட்டு முன் சாக்கடையில் தொடங்கி, அது சேருகிற பெரிய வாய்க்கால், அது போய் விழுகிற மடை வரை மோட்டார்சைக்கிளில் போய்ப் பாருங்கள். பெரிய ஏற்ற நாளில் ஒருமுறை, கனமழை முடிந்த உடனே ஒருமுறை. கதவு துருப்பிடித்திருக்கிறதா, மரக்கட்டை சிக்கித் திறந்தே கிடக்கிறதா, நீரேற்றி உண்டா, மின்சாரம் போனால் அதை ஓட்ட ஜெனரேட்டர் உண்டா? கரைக்கு வெளியே அலையாத்தி மரங்கள் அடர்த்தியாக நின்றால் நல்லது, அலையின் வேகத்தை அவை தின்றுவிடும். மரம் போய் அலை நேராக மண்கரையில் மோதுகிற இடமென்றால் அந்தக் கரைக்கு ஆயுள் குறைவு. கேரித் தீவிலேயே இந்த அரிப்புக்காகக் கரை காக்கும் வேலைகள் நடந்திருக்கின்றன.

மண் அமிழ்வதை வீடே காட்டிக்கொடுக்கும். வீடு பைலிங் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய தூண்கள்) மேல் நிற்கும், சுற்றியுள்ள மண்தான் இறங்கும். கார் நிறுத்துகிற இடத்துக்கும் வீட்டுத் தரைக்கும் நடுவே பிளவு, வாசற்படி முன்பைவிட உயரமாகிவிட்டது, சாக்கடை எதிர்ப்பக்கம் சாய்ந்து தண்ணீர் நிற்கிறது, இவை அடையாளம். பத்து வருடம் பழைய வரிசையைப் பார்த்தால் புது வரிசையின் எதிர்காலம் தெரியும். அக்கம்பக்கத்தில் கேட்கும்போது "வெள்ளம் வருமா?" என்று கேட்காதீர்கள், விற்க நினைப்பவர் வராது என்பார். "2021 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது, எந்தப் பக்கமிருந்து வந்தது, வடிய எத்தனை நாள் ஆனது?" என்று கேளுங்கள். தீவில் நமக்கு முன்பே இருக்கிற மா மெரி பழங்குடிப் பெரியவர்களிடமும் கேளுங்கள், கடல் எங்கெங்கே உள்ளே வந்தது என்று அவர்களுக்குத் தெரியும். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் வெள்ளப் பகுதி வரைபடத்தைப் பார்க்க முடியுமா என்று விசாரிக்கலாம். வரைபடத்தில் நிறம் இல்லாவிட்டால் அபாயமே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். 2017இல் ஹார்வி புயல் டெக்சாஸில் ஒன்றரை மீட்டர் மழையைக் கொட்டியபோது, ஹியூஸ்டனில் மூழ்கிய வீடுகளில் ஏராளமானவை நூறாண்டு வெள்ளப் பகுதிக்கு வெளியே இருந்தவை.

எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்விக்கு இப்போது பதில் எளிது. தூரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஹெலீன் புயலில் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று வட கரோலினாவின் ஆஷ்வில், கடலிலிருந்து சில நூறு கிலோமீட்டர் தள்ளி மலையில் இருக்கிற ஊர். நம் ஊரில் 2021இல் மூழ்கிய தாமான் ஸ்ரீ மூடா கடற்கரையில் இல்லை, அதே வெள்ளத்தில் அடிபட்ட உலு லங்காட்டோ மலையடிவாரம். கடலுக்குப் பயந்து ஓர் ஆற்றங்கரைப் பள்ளத்திலோ மலைச்சரிவின் அடியிலோ போய் வீடு வாங்கினால் அபாயம் இடம் மாறியிருக்கும், குறைந்திருக்காது.

இனி வரும் காலத்தைப் பற்றி. கடல் உயர்வது உறுதி. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும், அதனால் கனமழை இன்னும் கனக்கும் என்பதும் உறுதி. உலக அளவில் புயல்களில் பலமானவற்றின் பங்கு கூடுகிறது என்பதற்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. மொத்த எண்ணிக்கை கூடுமா என்பதில் தெளிவில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகே இனி அடிக்கடி புயல் உருவாகுமா என்று கேட்டால், சென்யார் ஒன்றை வைத்து ஆம் என்று சொல்பவரையும் நம்பாதீர்கள், அது தற்செயல் என்று தள்ளிவிடுபவரையும் நம்பாதீர்கள். நல்லவேளையாக, வீடு வாங்குகிற முடிவுக்கு அந்த விடை தேவைப்படவில்லை. தரை உயரமாக இருந்து தண்ணீர் வடிய வழியும் இருந்தால், எந்தப் பெயரில் மழை வந்தாலும் சமாளிக்கலாம். தரை தாழ்ந்து வழியும் அடைபட்டிருந்தால், பெயரில்லாத ஒரு மாலை மழையே போதும்.

நானாக இருந்தால் அந்த வட்டாரத்தைக் கைவிடமாட்டேன். உறவு, கோயில், அம்மாவுக்குப் பழகிய கிளினிக் எல்லாம் அங்கே இருக்கின்றன, வயதான காலத்தில் அதற்கும் ஒரு விலை உண்டு. அதே தாமானில் மேடான வரிசையைத் தேடுவேன். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் மாடி உள்ள வீட்டை எடுப்பேன், நள்ளிரவில் தண்ணீர் ஏறினால் வயதானவர்களை உயர்த்தி வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. வெளியேற ஒரே ஒரு சாலைதான் என்றால், அந்தச் சாலையின் தாழ்ந்த இடம் எது என்று பார்த்துவைப்பேன். மின்சாரப் பெட்டியையும் பிளக்குகளையும் சுவரில் உயர்த்திப் போடச் சொல்வேன். அப்புறம் காப்பீடு. அடிப்படைத் தீக்காப்பீட்டில் வெள்ளம் சேராது. கட்டடத்துக்கு ஹவுஸ்ஓனர் பாலிசி, உள்ளே இருக்கிற பொருளுக்கு ஹவுஸ்ஹோல்டர் பாலிசி, இரண்டும் தனித்தனி. வெள்ளமும் புயற்காற்றும் இவற்றில் வரும், எவ்வளவு தொகையை நீங்களே ஏற்க வேண்டும் என்று படித்துப் பாருங்கள். காருக்கு வெள்ளப் பாதுகாப்பை ஸ்பெஷல் பெரில்ஸ் என்று தனியாகச் சேர்க்க வேண்டும், தானாக வராது.

தரை உயரம், தாமானின் மண் வகை, வாய்க்கால் போய்ச் சேருகிற மடை எங்கே என்பது, இந்த மூன்றும் கைக்கு வந்ததும் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இங்கே எழுதுங்கள் தம்பி. ஏற்ற இறக்க அட்டவணையோடு சேர்த்துப் பார்த்து, அந்த வீட்டைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன்.